மம்லூக் சுல்தான்கள்: மகனுக்கு இடமில்லாத அரசு (1250–1517)

பொருநைவாசி:

பள்ளிக்கூடத்தில் 'அடிமை வம்சம்' என்று நாம் படித்தது டெல்லியைத்தான். குத்புதீன் ஐபக், இல்துத்மிஷ், பால்பன் என்று மூன்று பெயரை மனப்பாடம் செய்துவிட்டு கில்ஜிகளிடம் போய்விடுவோம். ஏறக்குறைய அதே காலத்தில் கெய்ரோவிலும் விலைக்கு வாங்கப்பட்ட படைவீரர்கள் அரியணை ஏறினார்கள். இவர்களைத்தான் மம்லூக்குகள் என்கிறோம். டெல்லியில் 1290-இல் முடிந்துபோன கதை அங்கே 1517 வரை ஓடியது. எகிப்து, சிரியா, மெக்கா, மதீனா எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. தமிழில் இவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. அதற்காகவே இந்த இழை.

என்னை உள்ளே இழுத்த விஷயம் ஒன்றுதான். இந்த அரசில் அமீரின் (படைத்தலைவரின்) மகன் அமீராவது வழக்கமில்லை. ஆளும் கூட்டத்தில் சேர வேண்டுமென்றால் இஸ்லாமிய நாடுகளுக்கு வெளியே, முஸ்லிம் அல்லாத பெற்றோருக்குப் பிறந்திருக்க வேண்டும். சிறுவனாக விற்கப்பட்டு, கெய்ரோவில் பயிற்சி முடித்து, விடுதலை வாங்கியிருக்க வேண்டும். அமீரின் வீட்டில் முஸ்லிமாக, சுதந்திரனாகப் பிறந்த பிள்ளைக்கு அந்த வழி பிறப்பிலேயே அடைபட்டுவிட்டது. ஒவ்வொரு தலைமுறைக்கும் புதுப் பையன்களை வாங்கித்தான் தீர வேண்டும்.

அந்தப் பையன் எப்படி வளர்ந்தான்? கெய்ரோ கோட்டைக்குள் 'திபாக்' என்ற பாசறைகள் இருந்தன. வந்ததும் கையில் வாளைக் கொடுப்பதில்லை. முதலில் ஓர் ஆசிரியர் அரபு எழுத்து, குர்ஆன், தொழுகை ஆகியவற்றைச் சொல்லிக்கொடுப்பார். அண்ணகர்கள் (விதையடிக்கப்பட்ட ஊழியர்கள்) கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருப்பார்கள். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் குதிரை, ஈட்டி, வில். ஈரக் களிமண்ணைத் திரும்பத் திரும்ப அறுத்து வாள்வீச்சு பழகினார்கள். உயர்ந்த கம்பத்தின் உச்சியில் இலக்கைக் கட்டி, ஓடும் குதிரையிலிருந்து அண்ணாந்து அம்பு விட்டார்கள். பயிற்சி முடிந்தால் விடுதலைப் பத்திரமும் குதிரையும் ஆயுதமும் கிடைக்கும். அன்றோடு அடிமைத்தனம் போயிற்று. ஆனால் வாங்கி வளர்த்த எஜமானனுக்கும், கூடப் படித்த தோழர்களுக்கும் சாகும்வரை கட்டுப்பட்டவன்.

பைபர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கருங்கடலுக்கு வடக்கே கிப்சாக் புல்வெளியில் பிறந்தவர். 800 திர்ஹத்துக்கு விலைபோனார். ஒரு கண்ணில் குறை இருந்ததால் வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஐதகீன் அல்-புந்துக்தார் என்ற அமீர் வாங்கினார். பின்னாளில் பைபர்ஸ் சுல்தானானபோது அதே ஐதகீன் அவருக்குக் கீழே பணிபுரிந்தார். இன்னொருவர் கலாவூன். அவருடைய விலை ஆயிரம் தினார். 'அல்-அல்ஃபி', ஆயிரத்துக்காரர், என்ற பெயர் கடைசிவரை அவரோடு இருந்தது. விலைபோன கதையை மறைக்க வேண்டும் என்று இவர்கள் யாரும் நினைக்கவில்லை.

வெண்தாமரை:

நல்ல தொடக்கம் அண்ணா. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சின்னப் பையன்களைத் தாயிடமிருந்து பிரித்துக் கப்பலேற்றி விற்றதில்தான் இந்த அரசு தொடங்குகிறது. 'பிறப்பைப் பார்க்காமல் திறமையைப் பார்த்த அரசு' என்று இதைக் கொண்டாடும் எழுத்துகள் எனக்கு ஒப்பவில்லை. சுல்தான் பர்கூக் காகசஸ் மலைப்பக்கத்துச் செர்க்காசிய நாட்டவர். அரியணை ஏறுவதற்குச் சற்று முன்னால், 1381-இல், தன் தகப்பன் அனஸை ஊரிலிருந்து கெய்ரோவுக்கு வரவழைத்தார். நகருக்கு வெளியே போய் எதிர்கொண்டு அழைத்தார். அத்தனை அதிகாரம் கைக்கு வந்த பிறகும் அந்த மனிதருக்குத் தகப்பன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பெற்றவர்களை மறுபடி பார்க்காமலே செத்த ஆயிரக்கணக்கானோரை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், தொடக்கத்தில் இருந்த பெண்ணை விட்டுவிட்டீர்களே. ஷஜருத் துர் இல்லாமல் இந்தக் கதை எப்படி?

1249-இல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி எகிப்தின் டமியெட்டா துறைமுகத்தைப் பிடித்துவிட்டார். எதிர்த்து நிற்க வேண்டிய, மம்லூக்குகளுக்கு முன் எகிப்தை ஆண்ட அய்யூபி வம்சத்துச் சுல்தான் அஸ்-ஸாலிஹ் அய்யூப் நவம்பர் மாதம் மன்சூரா முகாமிலேயே இறந்துபோனார். செய்தி வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும். அவருடைய மனைவி ஷஜருத் துர், இவரும் அடிமையாக வந்தவர்தான், சாவை மறைத்தார். சுல்தானின் கூடாரத்துக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போனது. அவர் கையெழுத்தோடு ஆணைகள் வெளியே வந்தன. உடலைப் படகில் ரகசியமாக அனுப்பிவைத்தார்கள். 1250 பிப்ரவரியில் மன்சூரா தெருக்களுக்குள் பாய்ந்து வந்த சிலுவைப் படையை மம்லூக்குகள் வெட்டிச் சாய்த்தார்கள். லூயியின் தம்பி ராபர்ட் அங்கேயே மாண்டார். ஏப்ரலில் லூயியே கைதியானார்.

அடுத்து வந்த சுல்தானின் மகன் துரான்ஷா, தகப்பனின் மம்லூக்குகளை ஓரங்கட்டப் பார்த்தார். மே மாதம் அவர்களே அவரைக் கொன்றுவிட்டு ஷஜருத் துர்ரைச் சுல்தானாக்கினார்கள். அவர் பெயரில் நாணயம் அடித்தார்கள், வெள்ளிக்கிழமைத் தொழுகையில் அவர் பெயர் சொல்லப்பட்டது. மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. பாக்தாத் கலீஃபாவின் எதிர்ப்பு வந்தது, சிரியாவின் அய்யூபிகளும் ஏற்கவில்லை. ஐபக் என்ற அமீரை (டெல்லி ஐபக் வேறு ஆள்) மணந்து பட்டத்தை அவரிடம் விட்டார். 1257-இல் ஐபக்கைக் கொல்லச் சொன்னதும் அவர்தான், சில நாளில் தானும் கொல்லப்பட்டார். டெல்லியின் ரசியாவை எல்லோரும் சொல்கிறோம். ரசியாவுக்குச் சுல்தானான தகப்பன் இருந்தார். ஷஜருத் துர்ருக்கு அப்படி யாரும் இல்லை.

தேரிக்காடு:

பொருநைவாசி, உங்கள் மையக் கருத்தை நான் ஏற்கவில்லை. மகனுக்கு இடமில்லை என்கிறீர்கள். கலாவூன் 1279-இல் சுல்தானானார். அதிலிருந்து 1382 வரை அவர் மகன்கள், பேரன்கள், அவர்கள் பிள்ளைகள் என்றுதான் பட்டியல் போகிறது. இடையில் கித்புகா, லாஜீன், இரண்டாம் பைபர்ஸ் என்று மூன்று பேர் மட்டுமே வெளியாட்கள். நூறு வருடம் ஒரே குடும்பம் ஆண்டிருக்கிறது. இது வேறு எந்த ராஜ குடும்பத்துக்கும் குறைந்ததில்லையே?

கலாவூனின் மகன் நாஸிர் முகமது ஒருவரே மூன்று முறை பட்டமேறியவர். முதல் முறை 1293-இல், சின்னப் பையனாக. இரண்டு முறை இறக்கப்பட்டார். மூன்றாவது முறை 1310-இல் வந்தவர் 1341-இல் சாகும்வரை அசையவில்லை. கால்வாய், பள்ளிவாசல், கோட்டைக் கட்டடங்கள் என்று கெய்ரோவையே மாற்றினார். அவரைப் பொம்மை என்று யாரும் சொல்ல முடியாது.

பொருநைவாசி:

தேரிக்காடு, நாஸிர் முகமது விஷயத்தில் மறுப்பே இல்லை. அவர் கடைசி முப்பது ஆண்டும் தன் கையால் ஆண்டார். ஆனால் அவர் இறந்த பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 1341-க்கும் 1361-க்கும் இடையில் அவருடைய மகன்கள் எட்டுப் பேர் அரியணையில் உட்கார்ந்தார்கள். இருபது வருடத்தில் எட்டுப் பேர்! அதில் ஹசன் இரண்டு முறை. குஜுக் ஏறும்போது சின்னக் குழந்தை. ஆட்சி நடத்தியவர்கள் கவ்சூன், ஷைகூ, யல்புகா போன்ற அமீர்கள். அவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து வந்தவர்கள். குடும்பத்தின் பெயர் மேலே இருந்தது, அதிகாரம் கீழே பாசறையில் இருந்தது.

1382-இல் பர்கூக் வந்ததும் அந்தப் பெயரும் போயிற்று. செர்க்காசிய சுல்தான்கள் காலத்தைப் பார்த்தால் என் வாதம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1438-இல் பர்ஸ்பாய் இறந்தார், மகன் யூசுஃப் ஏறினார், சில மாதத்தில் ஜக்மக் இறக்கினார். 1453-இல் ஜக்மக்கின் மகன் உஸ்மான் ஏறினார், இனால் இறக்கினார். 1461-இல் இனாலின் மகன் அகமது ஏறினார், குஷ்கதம் இறக்கினார். மூன்று தலைமுறை தொடர்ந்து இதே கதை. ஒவ்வொரு தகப்பனும் தான் இன்னொருவர் மகனை இறக்கியதை மறந்து தன் மகனுக்குப் பட்டம் கட்டியிருக்கிறார்.

இளையவன்:

ஒரு சந்தேகம். இறக்கத்தான் போகிறார்கள் என்றால் அந்த மகனை ஏற்றுவது எதற்கு? முதலிலேயே அமீர்களில் ஒருவர் உட்கார்ந்துவிட வேண்டியதுதானே? அப்புறம், ஐன் ஜாலூத் போரைப் பற்றி யாராவது விளக்கமாக எழுதுங்கள். மங்கோலியரை இவர்கள் எப்படி ஜெயித்தார்கள்?

பொருநைவாசி:

தம்பி, சுல்தான் கண்ணை மூடியதும் அமீர்களுக்குள் யார் பெரியவர் என்று பேரம் படிய நாளாகும். அதுவரை நாற்காலி காலியாக இருந்தால் வெட்டுக்குத்துதான். பஸ் சீட்டில் துண்டு போட்டு வைப்பதுபோல அந்தப் பிள்ளையை உட்கார வைத்தார்கள். பேரம் படிந்ததும் உரியவர் வந்து உட்காருவார். ஒன்றைச் சொல்ல வேண்டும், இறக்கப்பட்ட பிள்ளைகள் எல்லோரையும் கொன்றுவிடவில்லை. யூசுஃபை அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பினார்கள். பட்டமேறியதும் அண்ணன் தம்பிகளைக் கழுத்தை நெரிக்கும் பிற்கால உஸ்மானியத் துருக்கிய வழக்கம் இங்கே இல்லை.

ஐன் ஜாலூத்தைத் தொண்டிக்காரர் எழுதினால்தான் சரியாக இருக்கும். பாய், வாருங்கள்.

தொண்டிக்காரர்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். கூப்பிட்டதால் வந்தேன்.

1258-இல் மங்கோலிய இளவரசன் ஹுலாகு பாக்தாதை அழித்தான். கலீஃபாவைக் கொன்றான். 1260 தொடக்கத்தில் அலெப்போ, டமாஸ்கஸ் விழுந்தன. கெய்ரோவுக்குத் தூதர்கள் வந்தார்கள், 'பணி, இல்லாவிட்டால் அழிவாய்' என்று. அப்போது சுல்தான் குத்ஸ். தூதர்களை வெட்டி, தலைகளைக் கெய்ரோவின் ஸுவைலா வாசலில் தொங்கவிட்டார். இனிமேல் திரும்பிப் போக வழியில்லை என்று தன் ஆட்களுக்கே காட்டிவிட்டார்.

அதற்குள் பெரிய கான் மோங்கே இறந்த செய்தி வந்து ஹுலாகு பெரும்படையோடு கிழக்கே திரும்பிவிட்டான். சிரியாவில் கித்புகா என்ற தளபதியிடம் ஒரு பகுதிப் படைதான் இருந்தது. (மேலே தேரிக்காடு சொன்ன சுல்தான் கித்புகா வேறு ஆள்.) இதைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் பாடுவது நியாயம் இல்லை. 1260 செப்டம்பர் 3-ஆம் தேதி பாலஸ்தீனத்தில் ஐன் ஜாலூத் என்ற இடத்தில் மோதினார்கள். பைபர்ஸ் முன்படையோடு போய் மோதி, பின்வாங்குவதுபோல் இழுத்துக்கொண்டு வந்தார். மங்கோலியரின் சொந்தத் தந்திரம் அது. நடுவில் மம்லூக் அணி உடைய ஆரம்பித்தபோது குத்ஸ் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்து, தன் முகம் எல்லோருக்கும் தெரியும்படி, கூவிக்கொண்டே பாய்ந்தார். கித்புகா கொல்லப்பட்டான்.

இதில் என் மனத்தை உலுக்குவது வேறு. இந்த மம்லூக்குகளில் பெரும்பாலோர் கிப்சாக் துருக்கியர்கள். அவர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்ததே மங்கோலியர்தான். 1230-களின் கடைசியில் மங்கோலியர் அந்தப் புல்வெளியைச் சூறையாடியபோது சிதறிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் மலிவாக விற்கப்பட்டார்கள். அஸ்-ஸாலிஹ் அய்யூப் அவர்களை வாங்கி நைல் நதியின் ரவ்தா தீவில் பாசறை போட்டு வளர்த்தார். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள்தான் எதிரே நின்றார்கள்.

வெற்றிக்குப் பின் நடந்தது அசிங்கம். அலெப்போ கவர்னர் பதவி கிடைக்காத பைபர்ஸும் சில அமீர்களும் சேர்ந்து, கெய்ரோ திரும்பும் வழியிலேயே குத்ஸைக் கொன்றார்கள். வெற்றி பெற்ற மனிதர் தலைநகரைத் திரும்பப் பார்க்கவில்லை. ஆனாலும் இந்த அரசைக் கட்டியவர் பைபர்ஸ்தான், அதை மறுக்க முடியாது. கெய்ரோவில் அப்பாஸிய கலீஃபாவை மறுபடி நிறுவினார். டமாஸ்கஸுக்கு நாலு நாளில் கடிதம் போகும்படி குதிரை அஞ்சல் வைத்தார். 1268-இல் அந்தியோக்கியாவைப் பிடித்தார். அங்கே நடந்த படுகொலை கொடியது. வடக்கே பொன் ஓர்டா என்ற மங்கோலிய அரசின் பெர்கே கான் இஸ்லாத்தைத் தழுவியவர், ஹுலாகுவுக்குப் பகையாளி. அவரோடும் கான்ஸ்டான்டிநோபிள் பேரரசரோடும் பைபர்ஸ் உறவு வைத்துக்கொண்டார். கருங்கடல் வழி திறந்திருந்தால்தான் புதுப் பையன்கள் வந்து சேருவார்கள். வழி அடைத்தால் ஒரு தலைமுறையில் இந்த அரசு தீர்ந்துவிடும்.

மன்னார்முத்து:

இந்தக் கதைக்குள்ளே இலங்கையும் வருகுது, ஒருவரும் சொல்லவில்லை.

1283-ஆம் ஆண்டு யாப்பகூவையில் இருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு, கெய்ரோவில் சுல்தான் கலாவூனிடம் தூது அனுப்பினான். தூதுக் குழு பாரசீக வளைகுடா வழியாகப் போய்ச் சேர்ந்தது. தங்கப் பெட்டிக்குள் அரசனின் கடிதம் இருந்தது. அந்த எழுத்தை வாசிக்கக் கெய்ரோவில் ஒருத்தரும் இல்லை. கடைசியில் தூதுவர் வாயாலேயே விசயத்தைச் சொன்னார். முத்து, மாணிக்கம், யானை, கறுவா எல்லாம் எங்களிடம் இருக்கு, உங்களோடு வியாபாரம் செய்ய விருப்பம், யேமன்காரர் கேட்டும் உங்களுக்காக விட்டுவிட்டோம் என்பதுதான் சாரம். எகிப்திய வரலாற்றாசிரியர் மக்ரிசி எழுதி வைத்திருக்கிறார்.

கனபேர் இதை ஒரு வினோதச் செய்தியாகத்தான் கதைப்பார்கள். என் எண்ணம் வேறு. வடக்கே பாண்டியரின் பலம் கூடிக்கொண்டு வந்த நேரம் அது. கொஞ்சக் காலத்திலேயே பாண்டியப் படை ஆரியச்சக்கரவர்த்தி தலைமையில் யாப்பகூவைக்குள் புகுந்து புத்தரின் தந்தத்தையே கொண்டுபோனது. அப்படி நெருக்கடியில் இருந்த அரசன் ஒருவன் தனக்கென்று ஒரு தூரத்துச் சந்தையைத் தேடினான் என்றே நான் பார்க்கிறேன்.

வெண்தாமரை:

மன்னார்முத்து அண்ணை, அருமை.

அரியணை கிடைக்காத பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு 'அவ்லாதுன் நாஸ்' என்று பெயர். பலருக்குச் சின்னச் சம்பளமும் இரண்டாந்தரப் படையில் ஓரிடமும் கிடைத்தன. சிலர் எழுத்துக்குப் போனார்கள். இப்னு தக்ரீபிர்தியின் தகப்பன் படைத்தலைவராக இருந்து டமாஸ்கஸ் ஆளுநராக இறந்தவர். மகன் வரலாறு எழுதினார். இப்னு இயாஸும் அதே வகுப்பு. மம்லூக் அரசின் கடைசி நாட்களை நாம் நாள்வாரியாகத் தெரிந்துகொள்வது அவரால்தான். இவர்களுக்குத் துருக்கியும் தெரியும், அரபும் தெரியும். கோட்டைக்குள் நடக்கும் பேச்சு வீட்டுப் பேச்சாகக் காதில் விழும். ஆனால் ஆட்டத்தில் இவர்களுக்குக் கை இல்லை. அதனாலேயே இவர்கள் எழுத்தில் ஒரு கூர்மை இருக்கிறது என்பது என் கருத்து.

தேரிக்காடு:

இதோடு வக்ஃபையும் (அறக்கொடை) சேர்க்க வேண்டும். பதவியை மகனுக்குக் கொடுக்க முடியாது. அமீருக்குக் கிடைத்த நில வருமானமும் (இக்தா) பதவியோடு போய்விடும். சேர்த்த சொத்தை அடுத்த சுல்தான் பறிமுதல் செய்யலாம். அப்போது தகப்பன் என்ன செய்வான்? ஒரு மதரஸாவோ பள்ளிவாசலோ கட்டி, கடைகளையும் நிலங்களையும் அதற்கு வக்ஃபாக எழுதி, நிர்வாகியாகத் தன் வாரிசுகளை நியமித்துவிடுவான். செலவு போக மிச்சம் குடும்பத்துக்கு. கெய்ரோவில் மூலைக்கு மூலை மம்லூக் குவிமாடம் நிற்பதற்குப் பக்தி ஒரு காரணம், பிள்ளைப் பாசம் இன்னொரு காரணம். இந்த விதத்தில் பார்த்தால் பொருநைவாசி சொன்னது சரிதான், தகப்பன்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கட்டடங்களில் எனக்குப் பெரியதாகப் படுவது கலாவூனின் மருத்துவமனை, 1284–85. அமீராக இருந்தபோது டமாஸ்கஸில் வயிற்றுவலியால் கிடந்தவர், அங்கே நூருத்தீன் மருத்துவமனையின் மருந்தில் பிழைத்து, சுல்தானானால் இதுபோல ஒன்று கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டாராம். காய்ச்சலுக்கு, கண்ணுக்கு, அறுவைக்கு, வயிற்றுப்போக்குக்கு என்று தனித்தனிக் கூடம். ஆண், பெண், ஏழை, பணக்காரன், அடிமை, சுதந்திரன் யாரும் வரலாம். அந்த இடத்தில் இன்றைக்கும் கண் மருத்துவமனை இருக்கிறது.

இளையவன்:

அப்படியென்றால் சரிந்தது எதனால்? துப்பாக்கியை வெறுத்ததால் தோற்றார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

தொண்டிக்காரர்:

துப்பாக்கி கடைசிக் காரணம் தம்பி. அதற்கு முன்னால் கொள்ளைநோய். 1348-இல் வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து பாசறையில் நெருக்கியடித்துக் கிடந்த பையன்கள்தான் அதிகமாகச் செத்தார்கள். அத்தனை விலை கொடுத்து வாங்கியவர்கள்! நிலத்தில் உழவர் குறைந்து வரியும் விழுந்தது. பர்ஸ்பாய் மிளகு வியாபாரத்தை அரசின் ஏகபோகமாக்கினார். மலபார் மிளகு ஜித்தா வழியாக வரும், அலெக்சாந்திரியாவில் வெனிஸ்காரர் சுல்தான் சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். பரம்பரையாக அந்தத் தொழிலில் இருந்த காரிமி வணிகர்கள் நொடித்துப் போனார்கள். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரியும். 1498-இல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டில் இறங்கியபோது கெய்ரோவின் பிழைப்பிலேயே கை வைத்தார்கள். மம்லூக் கப்பற்படை 1508-இல் இந்திய மேற்குக் கரையில் சவுல் அருகே ஜெயித்தது, அடுத்த வருடம் டையூவில் அழிந்தது.

பொருநைவாசி:

பாய் சொன்னதோடு துப்பாக்கியையும் சேர்த்துக்கொள்கிறேன். பீரங்கியை இவர்கள் முற்றுகைக்கு நெடுங்காலமாகவே பயன்படுத்தினார்கள். கைத்துப்பாக்கியில்தான் சிக்கல். அதைத் தூக்கினால் குதிரையையும் வில்லையும் விட வேண்டும், அதாவது சிறுவயது முதல் கற்ற எல்லாவற்றையும் விட வேண்டும். சுல்தான் கான்சு அல்-கவ்ரி 1510 வாக்கில் ஒரு துப்பாக்கிப் படை அமைத்தார். அதில் யாரைச் சேர்த்தார் தெரியுமா? அமீர்களின் பிள்ளைகளையும் துர்க்மான் போன்ற வெளியாட்களையும். மம்லூக்குகள் அதில் சேரவில்லை, அந்தப் படைக்குச் சம்பளம் கொடுப்பதையும் எதிர்த்தார்கள்.

1516 ஆகஸ்ட் 24, அலெப்போவுக்கு வடக்கே மர்ஜ் தாபிக். எதிரே உஸ்மானிய சுல்தான் சலீம். கவ்ரி தன் பணத்தில் வாங்கிய மம்லூக்குகளைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, பழைய சுல்தான்களின் வீரர்களை முன்னால் அனுப்பினார் என்று பேச்சு கிளம்பியது. முன்னால் நின்றவர்களுக்கு மனம் விட்டுப்போயிற்று. இடது அணியோடு அலெப்போ ஆளுநர் கைர் பே விலகிப்போனார். எழுபதைத் தாண்டிய கவ்ரி போர்க்களத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தார். புது எஜமானனின் ஆட்கள், பழைய எஜமானனின் ஆட்கள் என்ற பிளவு ஒவ்வொரு சுல்தான் மாறும்போதும் இருந்தது. அரசைப் புதுப்பித்த ஏற்பாடே இந்தப் பிளவையும் ஒவ்வொரு முறை உண்டாக்கியது. அடுத்த ஜனவரியில் கெய்ரோவுக்கு வெளியே ரைதானியாவில் மறுபடி தோல்வி, ஏப்ரலில் கடைசி சுல்தான் தூமான்பாயை ஸுவைலா வாசலில் தூக்கிலிட்டார்கள்.

தேரிக்காடு:

இப்னு கல்தூனை விட்டுவிட வேண்டாம். கெய்ரோவில் தலைமை காஜியாக (நீதிபதியாக) இருந்த வரலாற்றாசிரியர். அரசுகள் சொகுசில் மூன்று நான்கு தலைமுறைக்குள் நலிந்துபோகும் என்று எழுதிய அதே மனிதர், வெளியிலிருந்து முரட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவரும் இந்த முறையை இறைவனின் அருள் என்று எழுதினார். அவர் 1406-இல் இறந்தார். நூறு வருடம் கழித்து வந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வெண்தாமரை:

பிடுங்கி வரப்பட்ட பிள்ளைகளிடம் கேட்காமல் அருள் என்று எழுதுவது எளிது. இப்னு கல்தூன் மீது எனக்கு மரியாதை உண்டு, இந்த ஒரு வரியில் மட்டும் அவரோடு நான் இல்லை.

இளையவன்:

1517-க்குப் பிறகு மம்லூக்குகள் என்ன ஆனார்கள்? நெப்போலியன் எகிப்துக்கு வந்தபோதும் மம்லூக்குகளோடுதானே சண்டை போட்டார்?

பொருநைவாசி:

ஆமாம் தம்பி. சலீம் அந்த முறையை ஒழிக்கவில்லை. காட்டிக்கொடுத்த கைர் பேயையே எகிப்துக்கு ஆளுநராக்கினார். உஸ்மானிய ஆட்சிக்குக் கீழேயும் பையன்களை வாங்கிவருவது தொடர்ந்தது, பிற்காலத்தில் ஜார்ஜியாவிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். 1798-இல் பிரமிடுகள் அருகே நெப்போலியனை எதிர்த்தவர்கள் முராத் பேயின் குதிரைப்படை. முடித்துவைத்தவர் முகமது அலி பாஷா. 1811 மார்ச் 1-ஆம் தேதி ஒரு விழாவுக்கென்று கெய்ரோ கோட்டைக்கு அழைத்து, அவர்கள் திரும்பிப் போகும்போது வாசலை அடைத்து, மேலிருந்து சுட்டுத்தள்ளச் சொன்னார். அவருக்குப் பிறகு அவருடைய மகன்களும் பேரன்களும் அவர்கள் வழிவந்தவர்களும் 1953 வரை எகிப்தின் பட்டத்தில் இருந்தார்கள்.